ஒரு பனியனில் எத்தனை கைகள்!



காலையில் நம் பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே, நம் ஊர்ச் சாலைகளில் இன்னொரு கூட்டம் விரைந்துகொண்டிருக்கும். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கம்பெனி வேன்களிலும் பஸ்களிலும் ஏறிப் பனியன் கம்பெனிகளுக்குப் போகும் தாய்மார்களும் அக்காமார்களும் அண்ணன்மார்களும் அவர்கள். உங்களில் பலருடைய பெற்றோரும் அவர்களுள் இருக்கிறார்கள். நாளை உங்களில் சிலர் அங்கே தைப்பீர்கள். சிலர் தைப்பவர்களை மேற்பார்வை செய்வீர்கள். சிலர் கணக்கு எழுதுவீர்கள். ஆகவே, பலரோடு கூடி வேலை செய்வதும், பலரைக் கொண்டு வேலை முடிப்பதும் எப்படி என்று பள்ளியிலிருக்கும்போதே எண்ணிப் பார்ப்பது நல்லதன்றோ!

ஒருவர் தாமதம், எல்லோருக்கும் தாமதம்

நாம் அணியும் ஒரு சாதாரண பனியனை எடுத்துக்கொள்வோம். நூல் நிட்டிங் இயந்திரத்தில் துணியாகிறது. துணி சாயப் பட்டறைக்குச் சென்று நிறம் பெறுகிறது. கட்டிங் மாஸ்டர் அதை அளவு பார்த்து வெட்டுகிறார். ஓவர்லாக் டெய்லர் தோளையும் பக்கங்களையும் இணைக்கிறார். பேட்லாக் டெய்லர் அடி மடிப்பைத் தைக்கிறார். கைமடி வேலை செய்பவர் டெய்லருக்கு உதவியாக நின்று, துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை அடுக்குகிறார். பின்பு பிசிர் வெட்டுதல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இப்படி எத்தனையோ கைகள் மாறிய பின்னரே ஒரு பனியன் பெட்டிக்குள் போகிறது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வரிசையில் எட்டு டெய்லர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏழு பேர் மணிக்கு 60 உருப்படி தைக்கிறார்கள். கை ஏற்றுகிற ஒருவர் மட்டும் 40 தைக்கிறார். அந்த வரிசையிலிருந்து மணிக்கு எத்தனை பனியன் வெளிவரும்? நாற்பதுதான்! மற்ற ஏழு பேர் எவ்வளவு விரைந்தாலும் அவருக்கு முன்னால் கட்டுகள் குவியும்; அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் வேலையின்றிக் காத்திருப்பார்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர்களானால் அவர்களுடைய கூலியும் குறையும்.

இந்த இடத்தில்தான் மேற்பார்வையாளரின் குணம் வெளிப்படுகிறது. ஒருவர், "ஏய், கை என்ன தூங்குதா?" என்று கத்துவார். கத்தினால் கை வேகமாகும், தையல் கோணும், கோணிய உருப்படிகள் செக்கிங்கிலிருந்து திரும்பி வந்து மறுபடியும் பிரித்துத் தைக்கப்படும். இன்னொருவர் அருகில் சென்று பார்ப்பார். நூல் அடிக்கடி அறுகிறதா? மிஷினில் கோளாறா? வெளிச்சம் போதவில்லையா? அல்லது வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சலா? காரணம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மெக்கானிக்கைக் கூப்பிடலாம், கைமடிக்கு ஒரு ஆளைக் கூடுதலாக நிறுத்தலாம், அன்று ஒரு நாள் மட்டும் இடம் மாற்றி அமர்த்தலாம். கேட்கத் தெரிந்தவருக்கே வேலை வாங்கத் தெரியும்.

உடைந்த ஊசி

ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் அனைத்தையும் தேடி எடுத்து ஒப்படைத்த பிறகே புது ஊசி கொடுப்பார்கள். அத்துண்டுகளைப் பதிவேட்டில் ஒட்டி வைப்பார்கள். பெட்டியில் போகும் முன் உடைகளை உலோகம் கண்டறியும் கருவியிலும் செலுத்துவார்கள். காரணம் எளியது. ஒரு சிறு துண்டு துணிக்குள் தங்கிவிட்டால், எங்கோ ஒரு நாட்டில் அவ்வுடையை அணியும் குழந்தையின் உடம்பில் அது குத்தும்.

இப்பொழுது எண்ணிப் பாருங்கள். ஊசி உடைந்தது என்று சொன்னால் எல்லோர் முன்னாலும் திட்டு விழும், கூலியில் பிடிப்பார்கள் என்ற நிலை இருந்தால், புதிதாக வந்த ஒரு பெண் என்ன செய்வாள்? மறைக்கத்தான் தோன்றும். பயம் இருக்கும் இடத்தில் வேலை நடப்பது போலத் தோன்றும். ஆனால் உண்மை மேலே வராது. "அக்கா, ஊசி உடைஞ்சு போச்சு" என்று தயங்காமல் வந்து சொல்லக்கூடிய வரிசையே நன்றாக நடத்தப்படும் வரிசை.

வேலை தெரிந்தால் மட்டும் போதுமா?

நம் திருப்பூருக்கு ஒரு பெருமை உண்டு. சுற்றியுள்ள கிராமங்களில் உழவு செய்த குடும்பங்களிலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் தொழிலாளியாகச் சேர்ந்து, வேலை கற்று, பிறகு சொந்தமாக மிஷின் போட்டு முதலாளியானவர்கள் இங்கே பலர். சரத் சாரி என்னும் ஆய்வாளர் இங்கு வந்து தங்கி ஆராய்ந்து, 2004-ல் ஆங்கிலத்தில் நூலாகவே எழுதினார். தாங்கள் உயர்ந்ததற்குக் காரணம் கேட்டபோது அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன சொல் "உழைப்பு" என்பதே. வேலை தெரிந்தவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்பதில் ஐயமில்லை.

ஆனால் வேலை தெரிந்தால் மட்டும் மனிதர்களோடு உறவு தானாக அமைந்துவிடுமா? இதே ஊரில் 1984-ஆம் ஆண்டு பஞ்சப்படி கோரி நான்கு மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்தது. மிஷின்கள் நின்றன, அடுப்புகளும் அணைந்தன. நேற்றுவரை அருகில் அமர்ந்து தைத்தவரே முதலாளியானாலும், கூலி என்று வரும்போது இரு தரப்பும் உட்கார்ந்து பேசியே தீரவேண்டும். முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கூடிப் பேசிக் கூலி ஒப்பந்தம் எழுதும் வழக்கம் இவ்வூரில் நிலைபெற்றிருப்பது அதனால்தான். அன்பு வேண்டும், அதனோடு நியாயமும் எழுத்தில் இருக்க வேண்டும்.

திண்டுக்கல் தந்த பாடம்

சொல்ல முடியாத குறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு வேதனையான உண்மை நிகழ்ச்சி உண்டு. பெரிய வகுப்பு மாணவியரும் பெற்றோரும் இதை அறிந்திருப்பது நல்லது. திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஓர் ஆடைத் தொழிற்சாலை திண்டுக்கல் மாவட்டத்தில் இருந்தது. அங்கு வேலை செய்த ஓர் இளம்பெண் 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் கொலையுண்டார். அதே தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அப்பெண் பல மாதங்களாகத் தொல்லைக்கு ஆளாகியிருந்தார் என்று குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர்களும் கூறினர்.

அதன்பின் நடந்ததையும் நாம் அறிய வேண்டும். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற தொழிற்சங்கம் நியாயம் கேட்டு நின்றது. 2022 ஏப்ரலில் அச்சங்கமும் அந்நிறுவனமும் கையெழுத்திட்டு, திண்டுக்கல் ஒப்பந்தம் என்று பெயர் பெற்ற உடன்பாடு ஏற்பட்டது. துணி வாங்கும் எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும் தனித்தனியே அதில் சேர்ந்தன. அதன்படி, தொழிலாளர்களுள் 25 பேருக்கு ஒருவர் வீதம் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்றனர். எங்கே தகாத சொல், தகாத செயல் நிகழ்கிறதோ அதைக் கவனித்து, பாதிக்கப்பட்டவருக்குத் துணையாகச் சென்று முறையிடுவது அவர்கள் பொறுப்பு. புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் எழுதப்பட்டது. மேற்பார்வையாளர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையை விசாரிக்க ஒரு குழு அமைக்க வேண்டும். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியார் ஒருவரும் இடம்பெற வேண்டும். வேலைக்குச் சேரும் முதல் நாளே, "இங்கே அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்பது துடுக்குத்தனம் அன்று; அது நம் உரிமை.

நாம் பழக வேண்டியவை

வகுப்புத் தலைவி, விளையாட்டுக் குழுத் தலைவி, ஆய்வுக்கூடக் குழு ஆகியவை எல்லாம் நாளைய வேலைக்கு இன்றைய ஒத்திகையே. கீழ்க்கண்டவற்றை இங்கேயே பழகலாம்.

1. மரியாதையாகப் பேசுதல். கொங்கு நாட்டில் சிறு குழந்தையைக்கூட "வாங்க கண்ணு" என்று அழைப்போம். அந்த "ங்க" தையல் மிஷினுக்கு முன்னால் மட்டும் காணாமற் போவானேன்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே உழைப்பவர்களுக்கும் அது உரியது. அவர்கள் மொழியில் பத்துச் சொற்கள் கற்றுக்கொண்டால் பாதிச் சண்டை தீரும்.

2. வேலையைக் குறை சொல். ஆளைக் குறை சொல்லாதே. "இந்தத் தையல் கோணியிருக்கிறது" என்பது திருத்தம். "உனக்கு ஒன்றும் தெரியாது" என்பது காயம். திருத்துவதைத் தனியே சொல். பாராட்டுவதை எல்லோர் முன்னும் சொல்.

3. வேண்டியவர், வேண்டாதவர் என்று பாராதே. தோழிக்கு எளிய வேலை, மற்றவளுக்குக் கடின வேலை என்று பிரித்த அன்றே தலைமை போய்விடும்.

4. மேலே இருப்பவரிடம் தெளிவாகச் சொல். "மிஷின் சரியில்லை" என்று முணுமுணுப்பதைவிட, "காலையிலிருந்து நான்கு முறை நூல் அறுந்தது" என்று கணக்கோடு சொல். பணிவு வேண்டும், வாய் மூடியிருப்பது பணிவாகாது.

5. தகாத நடத்தையை மறைக்காதே. அது உன் குற்றம் அன்று. வீட்டிலும், நம்பத்தகுந்த பெரியவரிடமும் உடனே சொல். பெற்றோரே, மகள் சொல்ல வரும்போது "நீ என்ன செய்தாய்?" என்று தொடங்காதீர்கள், முதலில் முழுவதும் கேளுங்கள்.

பனியன் கம்பெனிகளில் பெண்கள் ஆயிரக்கணக்கில் தைக்கிறார்கள். ஆனால் மேற்பார்வை செய்யும் இடத்தில் நிற்கும் பெண்கள் குறைவு. அந்த இடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது. அங்கே போய் நிற்கும்போது, உங்கள் முன்னால் குனிந்து தைத்துக்கொண்டிருப்பவள் யாரோ ஒருத்தியின் தாய் என்பதை மறவாதீர்கள். ஒருவேளை, நம் பள்ளியில் உங்கள் பக்கத்தில் அமர்ந்து படித்தவளாகவும் இருக்கலாம்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. எட்டுப் பேர் வரிசையில் ஒருவர் பின்தங்கினால் நீ முதலில் எதைக் கேட்பாய்?

2. ஊசி உடைந்ததை ஒருத்தி மறைத்தால், தவறு அவளுடையது மட்டுமா?

3. இன்று மாலை உன் தாயிடமோ தந்தையிடமோ கேள்: "உங்களோடு வேலை செய்தவர்களில் நீங்கள் மிகவும் மதித்தவர் யார்? ஏன்?" அவர்கள் சொல்லும் விடையை உன் குறிப்பேட்டில் எழுதி வை.