வெண்பனியும் அயலவனும்

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பது நம் முன்னோர் வாக்கு. பரந்தனில் தை மாதத்து விடியற்காலையில் பூசைக்குப் புறப்படுகிறவர் தலையில் ஒரு துவாயைப் போட்டுக்கொள்வதும், வயல் வரம்பில் நடப்பவரின் கால் நனைவதும் இந்தப் பனியால்தான். வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். ஆனால் கனடாவிலிருந்தோ நோர்வேயிலிருந்தோ நம் பிள்ளைகள் தொலைபேசியில், "இங்கே ஸ்நோ கொட்டுது அம்மா, வாசற் கதவைத் திறக்க ஏலாமல் கிடக்கு" என்று சொல்லும்போது, அவர்கள் சொல்வது வேறொரு பனி. அதுவே வெண்பனி.

இலங்கையில் வெண்பனி பொழிவதில்லை. நுவரெலியாவில் ஆண்டின் தொடக்க மாதங்களில் சில இரவுகளில் உறைபனி படிந்து, தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்குச் செடியும் கருகுவதுண்டு; அத்தோடு சரி. அப்படியானால் வெண்பனியைப் பற்றி நாம் ஏன் படிக்கவேண்டும்? நம் பிள்ளைகள் அதற்குள் வாழ்கிறார்கள் என்பது முதற் காரணம். பனியோடு வாழக் கற்ற மக்களிடம், வெள்ளத்தோடு வாழும் நாம் கற்கவேண்டியது ஒன்று உண்டு என்பது இரண்டாவது காரணம்.

பனியின் பாரம்

வெண்பனி பஞ்சுபோல் விழுகிறது. ஆனால் பஞ்சுபோல் இருப்பதில்லை. புதிதாய் விழுந்த பனி பத்து சென்ரிமீற்றர் உருகினால் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர் கிடைக்கும். ஒரு மீற்றர் உயரத்துக்குப் புதுப்பனி கிடந்தால், ஒரு சதுர மீற்றரில் 100 கிலோ பாரம் ஏறும். அது நாட்கணக்கில் இறுகி, மேலும் மேலும் சேர்ந்து மீண்டும் ஒரு மீற்றரானால், பாரம் 300 கிலோவாகவும் உயரலாம். 100 சதுர மீற்றர் கூரையென்றால் அது 30 தொன். கூரை முறிந்து ஆட்கள் இறப்பது இதனாலேயே.

உலகில் மிகுதியாகப் பனி கொட்டும் நாடுகளுள் ஒன்று யப்பான். அதன் காரணத்தை வன்னி மக்கள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். நமது மாரிகாலத்தில் வடகீழ்ப் பருவக்காற்று வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிவந்து நமக்கு மழையாகக் கொட்டுகிறது. அதுபோலவே சைபீரியாவின் குளிர்காற்று யப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிச் சென்று, யப்பானின் மலைகளில் மோதிப் பனியாகக் கொட்டுகிறது. சப்போரோ நகரில் ஏறக்குறைய இருபது இலட்சம் மக்கள் வாழ்கிறார்கள். அங்கே ஒரு குளிர்காலத்தில் விழும் பனியைக் கூட்டினால் சராசரி ஐந்து மீற்றர் அளவுக்கு வரும்.

கைகூப்பிய கூரைகள்

யப்பானில் சிராகவா-கோ என்றொரு மலைக்கிராமம் உண்டு. அங்குள்ள பழைய வீடுகளின் கூரைகள் புல்லால் வேயப்பட்டு, மிகவும் செங்குத்தாக நிற்கும். பனி தங்காமல் சரிந்து விழுவதற்காகவே அப்படிக் கட்டினார்கள். அந்த வடிவத்துக்கு அவர்கள் இட்ட பெயருக்கு, செபிக்கும்போது கூப்பிய கைகள் என்று பொருள். உள்ளே எரியும் அடுப்பின் புகை மேலேறிப் புல்லைப் பூச்சி அரிக்காமல் காக்கும். மேல்தட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள். 1995ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவ்வீடுகளை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

ஆனால் கூரையின் சாய்வைவிடப் பெரிய பாடம் அதை வேயும் முறையில் இருக்கிறது. முப்பது நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை கூரையை மாற்றி வேயவேண்டும். ஒரு குடும்பம் தனியே செய்தால் மாதக்கணக்கில் முடியாத வேலை அது. எனவே ஊரே திரண்டு வந்து, ஓரிரு நாளில் வேய்ந்து முடிக்கும். இந்தக் கூட்டு வேலைக்கு "யுயி" என்று பெயர். இன்று என் கூரைக்கு வந்தவன் வீட்டுக்கு நாளை நான் போகவேண்டும். கூலி இல்லை, கடமை உண்டு.

நம் பெரியவர்களுக்கு இது புதினமாக இராது. கிடுகால் வீடு வேய்ந்த காலத்தில், வேயும் நாளன்று அயலட்டை முழுவதும் வந்து நின்றதும், வீட்டுக்காரி பெரிய பானையில் சமைத்ததும் அவர்களுக்கு நினைவிருக்கும். ஓடும் தகரமும் வந்தன, நல்லதுதான். கூரையோடு அந்த உறவும் கழன்றுபோயிற்றா என்பதே கேள்வி.

பூட்டாத கதவு

திருச்சபை வரலாற்றிலும் பனிக்கு ஓர் இடமுண்டு. சுவிற்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே, கடல் மட்டத்திலிருந்து 2,469 மீற்றர் உயரத்தில் ஒரு மலைக்கணவாய் உள்ளது. உரோமைக்குச் சென்ற திருயாத்திரிகர் பலர் அங்கே பனியில் புதைந்தும் கள்வர் கையில் அகப்பட்டும் மாண்டனர். ஏறக்குறைய 1050ஆம் ஆண்டில் மெந்தோன் ஊரவரான புனித பெர்நார்து அங்கே ஒரு சத்திரத்தை நிறுவினார். (நன்கு அறியப்பட்ட கிளேர்வோ மடாதிபதி புனித பெர்நார்து வேறொருவர்.) அன்றுதொட்டு அங்கு வாழ்ந்த துறவிகள், வந்தவர் யார் எவர் என்று கேளாமல் உணவும் படுக்கையும் கொடுத்தனர். புயல் நாட்களில் வழிதவறியவரைத் தேடி வெளியே போயினர். பனியில் புதைந்தவரை மோப்பம் பிடிக்க அவர்கள் வளர்த்த நாயினமே இன்று அப்புனிதரின் பெயரால் அழைக்கப்படுகிறது. தாமே மலையேறியாக இருந்த பாப்பரசர் பதினொராம் பத்திநாதர், 1923இல் அவரை மலைவாழ் மக்களுக்கும் மலையேறுவோருக்கும் பாதுகாவலராக அறிவித்தார். 1964இல் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. ஆயினும் சத்திரத்தின் கதவு இன்றும் விருந்தினருக்குத் திறந்தே இருக்கிறது.

நகரத்தின் ஒழுங்கு

மலைக்கிராமத்தில் உறவால் நடப்பது, பெருநகரில் ஒழுங்கினால் நடக்கிறது. கனடாவின் மொன்றியல் நகரில் ஓராண்டில் சராசரி இரண்டு மீற்றர் பனி விழுகிறது. முதலில் இயந்திரங்கள் பனியைத் தெருவோரம் ஒதுக்கும். பின்னர், இன்ன நேரம் இங்கே வாகனம் நிறுத்தக்கூடாது என்ற பலகை வைக்கப்படும். நேரம் வந்ததும் சங்கு ஊதப்படும். அதன்பின் பனியை அள்ளி லொறியில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். ஒரேயொரு கார் நகராமல் நின்றாலும் முழுத்தெருவின் வேலையும் தடைப்படும். பனி விழும் நாடுகளின் பல நகரங்களில், தன் வீட்டு வாசலின் முன்னுள்ள நடைபாதையைக் குறித்த நேரத்துக்குள் வழித்துவிடவேண்டியது வீட்டுக்காரரின் கடமை. அங்கே வழுக்கி விழப்போவது அவரல்ல, தபாற்காரரோ முதியவரோ என்பதாலேயே அது சட்டமாயிற்று.

வழித்தபின் உப்புத் தூவுவார்கள். உப்புக் கலந்த நீர் உறைவதற்கு அதிக குளிர் வேண்டுமாதலால் பனிக்கட்டி கரையும். குளிர் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகையையும் தாண்டினால் உப்புக்கு வலுவில்லை, மணல்தான் போடவேண்டும். ஆனையிறவு உப்பளத்தின் அயலில் வாழும் நமக்கு உப்பென்றால் கறிக்குரியது. அங்கே அது காலைக் காக்கிறது.

ஒழுங்கும் தோற்கும் நாட்கள் உண்டு. 1999 தை மாதத்தில் ரொறன்ரோவில் பனி அடுத்தடுத்துக் கொட்டியபோது, நகரபிதா இராணுவத்தை உதவிக்கு அழைத்தார். மற்ற மாகாணத்தவர் சிரித்தார்கள் என்பர். ஆனால் உதவி கேட்பது வெட்கமல்ல. அதற்கு முந்திய ஆண்டு, 1998 தை மாதத்தில், கியூபெக்கிலும் கிழக்கு ஒன்ராறியோவிலும் உறைமழை நாட்கணக்கில் பெய்தது. மின்கம்பங்கள் பனிக்கட்டியின் பாரத்தால் சாய்ந்தன. இலட்சக்கணக்கான வீடுகளில் விளக்கும் வெப்பமும் இல்லாமற் போயின. சில இடங்களில் ஒரு மாதத்துக்கு மேலும். மக்கள் பாடசாலைகளிலும் மண்டபங்களிலும் ஒன்றாகத் தங்கினார்கள்.

தனித்திருக்கும் முதியவர்

இந்த ஏற்பாடுகளையெல்லாம் மீறிப் பனிக்குப் பலியாகிறவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். யப்பானில் இளையோர் நகரங்களுக்குப் போய்விட, கூரைப் பனியை இறக்கத் தாமே ஏறி விழுந்து மடிகிறவர்கள் அநேகர். கனடாவிலும் சவல் கொண்டு பனி அள்ளும்போது மாரடைப்பு வருவதுண்டு. நம் ஊரிலிருந்து மகனோடும் மகளோடும் இருக்கப் போன தாய் தந்தையர், மார்கழி முதல் பங்குனி வரை கண்ணாடி யன்னலுக்குள் அடைபட்டு, பேச்சுத்துணையின்றி இருப்பதும் பனி செய்யும் ஒரு காயமே. ஆகவே அங்கிருந்து அழைப்பு வரும்போது காசு விடயம் மட்டும் பேசி வைத்துவிடாமல், "இன்றைக்கு வெளியே போனீர்களா? யாரும் வந்தார்களா?" என்று கேட்போம்.

நமக்கு வெள்ளம்

2018 மார்கழி 21, 22ஆம் நாட்களில் பெய்த பெருமழையை நாம் மறக்கவில்லை. இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கனகராயன் ஆறு பெருகியது. கண்டாவளைப் பகுதியெங்கும் வீடுகளும் வயல்களும் நீரில் நின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் தங்கின. அன்று உழவு இயந்திரத்தில் முதலில் யாரை ஏற்றினோம், யாரைப் பிந்தி நினைத்தோம் என்பதை அவரவர் மனச்சாட்சி அறியும்.

பனி நாட்டார் தரும் பாடம் மூன்று. காலத்துக்கு முன்னே ஆயத்தம் செய்தல். பொது ஒழுங்குக்கு அடங்கி நடத்தல். அயலவனின் வாசலையும் தன் வாசலாக எண்ணுதல். நம் வாசலில் பனி இல்லை. வாய்க்காலும் மதகும் உண்டு. அதிலே பொலித்தீன் பையை எறிகிறவன், நகராமல் நின்ற காருக்குச் சொந்தக்காரனைப் போன்றவன். அவன் வளவில் நீர் ஏறாது. கீழேயுள்ள விதவையின் வளவில் ஏறும். ஆண்டவர் சொன்ன நல்ல சமாரியன் உவமையில் குருவும் லேவியனும் தீங்கு எதுவும் செய்யவில்லை. விலகிப் போனார்கள், அவ்வளவே.

குடும்பமாகச் சிந்திக்க

1. மாரி தொடங்குமுன் நம் வீட்டருகேயுள்ள வாய்க்காலை யார் யார் சேர்ந்து துப்புரவாக்கலாம்? நாள் குறிப்போம்.

2. வெள்ளம் வந்தால் தாமாக வெளியேற முடியாத முதியவர், நோயாளர் நம் அயலில் யார்? அவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பு யாருடையது?

3. வெளிநாட்டில் தனித்திருக்கும் ஒரு முதியவருக்கு இந்தக் கிழமை நம் வீட்டிலிருந்து யார் பேசுவது?