அமெரிக்க ஸ்டேக்ஹவுஸுக்குப் போகிறீர்களா?

டெக்சாஸ் ரோட்ஹவுஸ், அவுட்பேக், லாங்ஹார்ன் போன்ற மாட்டிறைச்சி உணவகங்களுக்கு முதன்முறை போகிறவர்கள் கவனிக்க:

* மெனுவில் போட்டிருப்பது பச்சை இறைச்சியின் எடை. 6 அவுன்ஸ் என்றால் சுமார் 170 கிராம், ஒருவருக்குத் தாராளம்.

* கொழுப்பு குறைவான இறைச்சித் துண்டு வேண்டுமா? சர்லாயின். கொழுப்போடு ருசியும் வேண்டுமா? ரிப்-ஐ.

* உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கலாம் என்றால் 'மீடியம்'; சிவப்பே கூடாதென்றால் 'வெல் டன்' என்று சொல்லுங்கள்.

* தட்டு வந்ததும் நடுவில் வெட்டிப் பாருங்கள். வேகாததை மறுபடி வேகவைக்கலாம். அதிகம் வெந்ததைச் சரிசெய்ய முடியாது.

* இலவசமாக வரும் சூடான பன்னிலேயே வயிற்றை நிரப்பிவிடாதீர்கள்.

* மீந்ததை எடுத்துச்செல்லத் தயங்காமல் டப்பா கேளுங்கள்.

* டிப்ஸ் 15 முதல் 20 சதவீதம் வையுங்கள். பரிமாறுகிறவர்கள் அதைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறார்கள்.