கோட்டை கட்ட முதலில் என்ன வேண்டும்?

கேள்வி: இந்தக் காலத்தில் தனி மனிதர் ஒருவர் கோட்டை கட்ட முடியுமா? முதலில் எதைத் திட்டமிட வேண்டும்?

பதில்: முடியும். கோபுரத்தின் உயரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; முதலில் முடிவு செய்ய வேண்டியது இடத்தைத்தான். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் கெதலோன் என்ற கோட்டையை 1997 முதல் 13ஆம் நூற்றாண்டு முறையிலேயே கட்டிவருகிறார்கள். கைவிடப்பட்ட கல்குவாரியைத் தேர்ந்தெடுத்ததால் கல் காலடியிலேயே கிடைக்கிறது. சுற்றிலும் ஓக் காடு, பக்கத்திலேயே களிமண், மணல், தண்ணீர். பெரிய மரச் சக்கரத்துக்குள் ஆட்கள் நடக்க நடக்கக் கயிறு சுற்றிக்கொள்கிறது. அதில் கட்டிய கல், மதிலின் உச்சிக்கு ஏறுகிறது.

‘கான்கிரீட் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு? பணமிருந்தால் போதாதா?’ என்று கேட்கலாம். கலிஃபோர்னியாவில் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட் 1919இல் தொடங்கிய மாளிகை கான்கிரீட்தான். பணத்துக்கும் பஞ்சமில்லை, ஜூலியா மார்கன் என்ற தேர்ந்த கட்டடக் கலைஞரும் உடனிருந்தார். ஆனால் கப்பலில் வந்த பொருள்களைக் குன்றின் உச்சிவரை ஏற்ற வேண்டியிருந்தது. ஹெர்ஸ்ட்டோ திட்டத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். நெப்டியூன் நீச்சல் குளம் மட்டும் மூன்று முறை கட்டப்பட்டது. 1947இல் உடல்நலம் குன்றி அவர் அங்கிருந்து கிளம்பியபோதும் வேலை முடியவில்லை. கெதலோனும்தான் ஆண்டுக்கணக்கில் இழுத்தது என்பது உண்மை. ஆனால் அங்கே தாமதம் நஷ்டமில்லை: வேலை நடப்பதைப் பார்க்கத்தான் மக்கள் கட்டணம் செலுத்தி வருகிறார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது.

ஆகவே கல்லும் மணலும் எவ்வளவு தூரத்திலிருந்து வரும் என்று விசாரித்துவிட்டு மனையை வாங்குங்கள். வரைபடத்துக்கு உள்ளாட்சி அனுமதி பெற்றபின் அதில் கைவைக்காதீர்கள்.