பாட்டுக்கு நடுவே சடசடப்பு ஏன்? – காரணமும் பரிகாரமும்



நம்மில் பலர் இப்போது வீட்டிலேயே கணிப்பொறியில் பாட்டுப் பதிவு செய்கிறோம். குறும்படத்துக்குப் பின்னணியோ, ஊர்த் திருவிழாவுக்குப் பாட்டோ, எதுவானாலும் சரி, ஒரு நாள் இந்தத் தொல்லை வந்தே தீரும். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி சடசடவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தால் நான் பட்ட பாட்டையும், கற்ற பாடத்தையும் சொல்வதே இக்கட்டுரை.

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். என் அப்பாயி நடவுப் பாட்டுக்குப் பேர் போனவர். இப்போது எங்கள் பக்கம் நடவு இயந்திரம் வந்துவிட்டது. வயலில் பாட்டும் நின்றுவிட்டது. ஆகவே அவர் பாட்டைப் பதிந்து வைக்க ஆசைப்பட்டேன். கையில் இருந்தது பழைய லேப்டாப் ஒன்று, ஒரு மைக், நண்பனிடம் இரவல் வாங்கிய யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ். ஓர் இரவு அப்பாயி ஒன்றரை மணி நேரம் பாடினார். மறுநாள் போட்டுக் கேட்டால் வரிக்கு வரி சடசடப்பு!

ஒரு கடையில் காட்டினேன். "போர்டு போயிருக்கும் தம்பி, புதுசா வாங்கிடு" என்றார்கள். 35 ஆயிரம் ரூபாய் ஆகுமாம். வீட்டில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "ஒரே நேரத்துல அதுகிட்ட எத்தனை வேலைடா வாங்கினே?" என்று கேட்டார். பதில் சொல்லத் தொடங்கியபோதுதான் எனக்கே உறைத்தது.

1. சத்தம் எப்படிப் பிறக்கிறது?

கணிப்பொறி ஒலியைத் தொடர்ச்சியாகப் பதிவதில்லை. ஒரு வினாடிக்கு 44,100 தடவை அளந்து எண்களாக வைத்துக்கொள்கிறது. இந்த எண்களுக்கு சாம்பிள் என்று பெயர். சாம்பிள்களை ஒவ்வொன்றாக அனுப்பாமல் கட்டுக்கட்டாக அனுப்பும். அந்தக் கட்டின் அளவுதான் பஃபர்.

காங்கிரீட் போடும்போது வரிசையாக நின்று சட்டி கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ப்ராசசர் கீழே கலவை அள்ளிக் கொடுப்பவர். இன்டர்ஃபேஸ் மேலே வாங்கிக் கொட்டுபவர். மேலே இருப்பவர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். நேரம் தவறாமல் கை நீட்டுவார். சட்டி வரவில்லையென்றால் வெறுங்கைதான். அந்த இடத்தில் ஒலி அலை வெடுக்கென்று அறுந்துபோகிறது. அதுவே நம் காதில் 'டிக்' என்று விழுகிறது. அடிக்கடி அறுந்தால் சடசடப்பு.

ப்ராசசருக்குக் கிடைக்கும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பஃபரை சாம்பிள் வேகத்தால் வகுத்தால் போதும். வினாடிக்கு 44,100 என்றால்:

64 சாம்பிள் – 1.5 மில்லி வினாடி
256 சாம்பிள் – 5.8 மில்லி வினாடி
1024 சாம்பிள் – 23.2 மில்லி வினாடி

நான் செய்தது என்ன தெரியுமா? தரம் கூடும் என்று நினைத்து வேகத்தை 96,000-க்கு ஏற்றி, பஃபரை 64-ல் வைத்தேன். கிடைத்த நேரம் 0.67 மில்லி வினாடி! போதாததற்கு, சினிமாப் பாட்டு மாதிரி கேட்கவேண்டும் என்று எதிரொலி, இரைச்சல் நீக்கி இரண்டையும் பதியும்போதே ஓட விட்டேன். வை-ஃபை ஓடுகிறது, பிரவுசர் திறந்திருக்கிறது, சார்ஜரையும் பிடுங்கி வைத்திருக்கிறேன். பாவம், அது என்ன செய்யும்?

"டாஸ்க் மேனேஜரில் 35 சதவீதம்தானே காட்டியது?" என்று நானும் ஏமாந்தேன். அது எல்லா கோர்களுக்கும் சேர்த்துப் போட்ட சராசரி. நாலு பேரில் மூன்று பேர் சும்மா நிற்க, ஒருவரே மூச்சு வாங்குவதை அது காட்டாது.

2. முதலில் நோயைக் கண்டறிக

பணம் செலவழிப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

(அ) உரத்துப் பாடும் இடத்தில் மட்டும் கரகரப்பா? இன்டர்ஃபேஸில் சிவப்பு விளக்கு எரிகிறதா? அது சுமை அல்ல; கெயின் அதிகம். குறையுங்கள்.

(ஆ) வயரை அசைத்தால் வருகிறதா? வயர் அல்லது ஜாக் கோளாறு.

(இ) ஒரே இடத்தை மூன்று தடவை கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் வந்தால் பதிவு நல்லது, ஓட்டும்போதுதான் சுமை. பாட்டை ஃபைலாக ஏற்றுமதி செய்யும்போது அவசரம் இல்லாமல் கணக்கிடுவதால் பெரும்பாலும் சுத்தமாகவே வரும். அதே இடத்தில் வந்தால் சத்தம் பதிவுக்குள்ளேயே போய்விட்டது.

(ஈ) எஃபெக்ட் எல்லாவற்றையும் நிறுத்தினால் சத்தம் போகிறதா? சுமைதான் காரணம். போகவில்லையென்றால் ஏதாவது டிரைவர் குறுக்கே நிற்கலாம். விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற மென்பொருள் அது எது என்று காட்டிக்கொடுக்கும்.

3. பரிகாரங்கள்

ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது மருந்து என்றே தெரியாது.

* வேகத்தை 44,100 அல்லது 48,000-ல் வையுங்கள். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். அதற்கு இதுவே போதும்.

* மிக்ஸ் செய்யும்போது பஃபரை 1024 ஆக்குங்கள். பதியும்போது அது சரிப்படாது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 23 மில்லி வினாடி தாமதம் என்றால் நம் குரலையே 8 மீட்டர் தள்ளி நின்று கேட்பது போல. உள்ளே போக ஒரு தாமதம், வெளியே வர ஒரு தாமதம் என்று இரட்டிப்பாகும். பாடுபவர் தடுமாறிவிடுவார்.

* பல இன்டர்ஃபேஸ்களில் டைரக்ட் மானிட்டர் வசதி உண்டு. அதைப் போட்டால் குரல் கணிப்பொறிக்குள் சுற்றாமல் நேரே ஹெட்ஃபோனுக்கு வரும். அப்போது பதியும்போதும் 512 வைக்கலாம், தாமதம் உறுத்தாது.

* பதியும்போது எஃபெக்ட் வேண்டாம். எதிரொலியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பத்து ட்ராக்குக்குப் பத்து எதிரொலி போடாமல், ஒன்றே ஒன்றைப் பொதுவாக வைத்து எல்லாவற்றையும் அதற்கு அனுப்புங்கள். முடிந்த ட்ராக்கை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள்.

* விண்டோஸில் இன்டர்ஃபேஸுக்கு உரிய ஆசியோ டிரைவரைப் போடுங்கள். தொண்ணூறுகளில் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் கொண்டுவந்த முறை இது. நடுவில் இருக்கும் படிகளைத் தாண்டி மென்பொருளையும் இன்டர்ஃபேஸையும் நேராகப் பேச வைக்கும்.

* சார்ஜரை மாட்டி, பவர் பிளானை உயர் செயல்திறனுக்கு மாற்றுங்கள். வை-ஃபை, ப்ளூடூத், பிரவுசர், வைரஸ் ஸ்கேன் எல்லாம் நிற்கட்டும்.

* விசிறித் தூசியைத் துடையுங்கள். சூடு ஏறினால் ப்ராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் எனக்கு ஆன செலவு, தூசி துடைக்க வாங்கிய பிரஷ் 20 ரூபாய். அதே லேப்டாப்பில்தான் இன்றும் வேலை செய்கிறேன்.

மூன்று வாரம் கழித்து அப்பாயியை மறுபடி உட்கார வைத்துப் பதிந்தேன். பதிவு கண்ணாடி மாதிரி வந்தது. ஆனால் நீளமான பாட்டு ஒன்றில் ஒரு கண்ணி அவருக்கு ஞாபகம் வரவில்லை. "அன்னிக்குத் தானா வந்துச்சு தம்பி, இன்னிக்கு வர மாட்டேங்குது" என்றார். முதல் பதிவில் அந்தக் கண்ணி இருக்கிறது, சடசடப்போடு. விட்டுப்போன சாம்பிளை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. ஊகித்து நிரப்பத்தான் முடியும். இரண்டு பதிவையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆகவே நண்பர்களே, யாரையும் பாட வைப்பதற்கு முன் ஒரே ஒரு நிமிடம் சோதனைப் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை. யாருக்காவது இந்தத் தொல்லை இருந்தால் மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் வகுப்பில் என்னைப் பாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.