அது எந்தப் பிரிவில் இருக்கிறது?

பிள்ளைக்கு ஓட்டிசமோ என்று சந்தேகம் வந்தால் முதலில் சட்டத்தைப் படியுங்கள் என்று நான் சொன்னால் எங்கள் ஆட்கள் ஒருமாதிரிப் பார்ப்பார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி முடியும்வரை தாழ்வாரத்தில் காத்திருக்கும் அம்மாமாருக்கு இது விசர்க் கதை. தெரபியைப் பற்றிக் கேட்டால் இவள் பாராளுமன்றத்தைப் பற்றிச் சொல்கிறாளே என்பார்கள். ஆனால் இங்கிலாந்தில் ஒரு பிள்ளைக்கு ஸ்பீச் தெரபி கிடைக்குமா, வகுப்பில் பக்கத்தில் இருந்து உதவ ஆள் வருமா என்பதெல்லாம் பெரும்பாலும் ஒரு காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. அந்தக் காகிதம்தான் ஈஎச்சி பிளான், அதாவது கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம். அதை எழுதுவது கவுன்சில். கவுன்சில் எப்போது எழுத வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று சொல்வது சட்டம்.

நான் வழக்கறிஞர் இல்லை. மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்கிறேன். சட்டம் என்றால் அலமாரி நிறையத் தடித்த புத்தகங்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்களுக்கு வேண்டியது 2014ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் குடும்பங்கள் சட்டத்தில் மூன்றாம் பகுதி மட்டுமே. 19ஆம் பிரிவில் தொடங்கி 83இல் முடிகிறது. அரசாங்கத்தின் சட்ட இணையதளத்தில் இலவசமாகவே கிடக்கிறது. அதிலும் 20, 21, 36, 37, 42 என்ற பிரிவுகளைத் திரும்பத் திரும்பப் படித்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. இதற்குத் துணையாக அதே ஆண்டு வந்த விதிகளும், 2015 ஜனவரியில் வெளியான நடைமுறைக் கோவையும் உண்டு. கோவை கிட்டத்தட்ட 300 பக்கம். எல்லாரும் அதைத்தான் முதலில் படிக்கச் சொல்வார்கள். நான் சொல்வது வேறு: முதலில் சட்டம், பிறகு கோவை. சட்டத்தின் பிரிவுகள் சின்னவை; ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒன்றைப் படித்துவிடலாம்.

படிக்கும்போது ஒரே ஒரு வேலை செய்யுங்கள். 'மஸ்ட்' என்று வரும் இடமெல்லாம் நிறம் தீட்டுங்கள். அது கடமை, கவுன்சிலுக்குக் காசில்லை, ஆளில்லை என்ற கதையெல்லாம் அதற்கு முன்னால் எடுபடாது. கோவையில் 'ஷுட்' என்று வந்தால், அதை அவர்கள் கருத்தில் எடுக்க வேண்டும். விலகினால் காரணம் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்கள் வேறுமாதிரித் தெரியத் தொடங்கும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. ரீச்சர் சொன்னால் அது வேதம், கந்தோரில் சொன்னால் அதுதான் சட்டம். போதாததற்கு, இது நாங்கள் வந்து குடியேறிய நாடு, தருவதை வாங்கிக்கொள்வோம் என்ற கூச்சம் வேறு. இந்தக் கூச்சத்துக்கு மருந்தாகக் கொஞ்சம் வரலாறு படித்தேன். 1971 வரைக்கும் இந்த நாட்டிலேயே கடும் அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளைப் படிப்பிக்க முடியாதவர்கள் என்று முத்திரை குத்திப் பள்ளி அமைப்புக்கு வெளியே வைத்திருந்தார்கள். 1970இல் வந்த சட்டம்தான் அதை மாற்றியது. 1978இல் மேரி வார்னொக் தலைமையிலான குழுவின் அறிக்கை, அதைத் தொடர்ந்து 1981இல் கல்விச் சட்டம் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஆகவே இதை யாரும் இரக்கப்பட்டுப் போட்ட பிச்சை என்று நினைத்துத் தலைகுனிய வேண்டியதில்லை.

இனி 36ஆம் பிரிவு. பிள்ளையின் தேவைகளை மதிப்பீடு செய்யச் சொல்லி அம்மாவோ அப்பாவோ நேரடியாகக் கவுன்சிலிடம் கேட்கலாம். பள்ளியின் சம்மதம் தேவையில்லை. கேட்ட நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் பதில் வர வேண்டும். எந்த அடிப்படையில் கவுன்சில் முடிவெடுக்க வேண்டும் என்பதை 36(8) சொல்கிறது. இரண்டே கேள்விகள்: பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவை இருக்கிறதா, அல்லது இருக்கக்கூடுமா? ஒரு பிளான் வழியாக உதவி தேவைப்படக்கூடுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் மதிப்பீடு செய்தே ஆக வேண்டும். இரண்டிலும் 'கூடுமா' இருப்பதைக் கவனியுங்கள். இவ்வளவு தாழ்வான படிதான் சட்டம் வைத்திருப்பது. ஆனால் நடைமுறையில் அந்தப் படியின்மேல் ஆளுக்கொரு மேசை கதிரை போட்டு உயர்த்தி வைத்திருக்கிறார்கள்.

என் மகனுக்காகக் கேட்டபோது எனக்குத் தொலைபேசியில் கிடைத்த பதில் இது: "உங்கள் மகன் வகுப்பைவிட இரண்டு வருடம் பின்தங்கியிருந்தால்தான் பார்ப்போம்." அது எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அது எங்களுடைய பாலிசி" என்றார் அந்த அதிகாரி. மரியாதையான மனுசிதான், அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொன்னார். பாலிசியை எழுத்தில் அனுப்பச் சொன்னேன். வந்த கடிதத்தில் இரண்டு வருடக் கதையே இல்லை.

அந்தக் கேள்வியை இப்போது எல்லா அம்மாமாருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். "மருத்துவர் ஓட்டிசம் என்று உறுதிப்படுத்திய பிறகு வாருங்கள்", "பள்ளி முதலில் 6,000 பவுண்ட் செலவழித்ததைக் காட்ட வேண்டும்", "கல்வி உளவியலாளரின் அறிக்கை இல்லாமல் ஏலாது" என்று எது வந்தாலும் கேளுங்கள்: எந்தப் பிரிவு? 36(8)இல் இவை எதுவும் கிடையாது. 6,000 பவுண்ட் என்பது பள்ளிக்குப் பணம் பங்கிடும் கணக்கு. பிள்ளைக்கு வைத்த பரீட்சை அல்ல. கல்வி உளவியலாளரின் அறிக்கை மதிப்பீட்டின்போது கவுன்சிலே எடுக்க வேண்டியது. அதை முன்கூட்டியே எங்களிடம் கேட்பதில் நியாயமில்லை.

கேட்பதைச் சண்டை பிடிக்காமல் கேட்கலாம். "எனக்கு விளங்கவில்லை, பிரிவு எண்ணைச் சொன்னால் வாசித்துப் பார்க்கிறேன்" என்பதே போதும். முக்கியம், எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். போன மாதம் ஒருவர் வந்து, "அக்கா, போனிலை ஏலாது எண்டு சொல்லிப்போட்டினம்" என்றார். "அப்ப ஏலாது எண்டு எழுதித் தரச் சொல்லும்" என்றேன். மறுப்பு கடிதமாக வந்தால்தான் முறையீட்டுக்கு நாள் எண்ணத் தொடங்கும். வாயால் சொன்ன மறுப்பை வைத்து எங்கும் போக முடியாது. ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் அன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: இன்று இந்த நேரத்தில் கதைத்தோம், நீங்கள் சொன்னதாக நான் விளங்கிக்கொண்டது இது, பிழையென்றால் திருத்துங்கள். பெரும்பாலும் யாரும் திருத்த மாட்டார்கள். பள்ளியிடமிருக்கும் பிள்ளையின் பதிவுகளையும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்கலாம். சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

தமிழ்ப் பெற்றோருக்கென்றே 20ஆம் பிரிவில் ஓர் உபபிரிவு இருப்பதுபோல் எனக்குத் தோன்றும்: 20(4). வீட்டு மொழி வேறு, பள்ளி மொழி வேறு என்ற ஒரே காரணத்தால் ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாகக் கொள்ள முடியாது என்கிறது அது. நல்ல நோக்கத்தில் வந்த வரி. ஆனால் இதைத் திருப்பிப் போட்டு, வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பேச்சு வரவில்லை, ஒரு வருடம் போகட்டும் என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு. எங்கள் வீட்டிலும் துணைக்குக் குரல் இருந்தது. "இவன்ரை தேப்பனும் நாலு வயதிலைதான் கதைச்சவன்" என்று மாமி.

அந்த வரியில் 'ஒரே காரணம்' என்பதுதான் உயிர். தமிழிலும் பேச்சு வரவில்லை என்று காட்டிவிட்டால் மொழிக் கதை அங்கேயே முடிந்தது. அதைக் காட்டக்கூடியவர்கள் நாங்கள் மட்டுமே. எந்த ஆங்கில ரீச்சராலும் முடியாது. நான் கடிதத்தில் எழுதியது பெரிய வார்த்தைகள் அல்ல. அம்மம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போகிறான், 'தண்ணி' என்ற சொல் வருவதில்லை. தமிழில் இரண்டு சொல்லைச் சேர்த்து அவன் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. இதோடு, ஸ்பீச் தெரபிஸ்ட் மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தமிழிலும் பார்க்க வேண்டும் என்று கேட்டோம். இரண்டு மொழியிலும் பின்னடைவு என்று அறிக்கை வந்தபிறகு பள்ளி ஒரு வருடம் காத்திருக்கச் சொல்லவில்லை.

மதிப்பீட்டுக்கு எழுதும் கடிதத்திலேயே, முன்னே சொன்ன 2014ஆம் ஆண்டு விதிகளில் 6(1)(h)ஐக் குறிப்பிட்டு, இன்னின்ன நிபுணரின் ஆலோசனையும் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். நியாயமான கோரிக்கையென்றால் கவுன்சில் எடுக்க வேண்டும். பலர் இதைத் தவறவிட்டு, பிறகு சொந்தக் காசில் தனியார் அறிக்கைக்கு ஓடுகிறார்கள்.

பிளானின் வரைவு வரும் நாள்தான் உண்மையான வேலை தொடங்கும் நாள். பலர் அன்றைக்குச் சாமிக்கு விளக்கேற்றிவிட்டு ஃபைலை மூடிவிடுகிறார்கள். கருத்துச் சொல்ல குறைந்தது 15 நாள் தருவார்கள். பிளான் ஏ முதல் கே வரை நீளும். நீங்கள் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியவை பி, எஃப், ஐ. பி என்பது தேவைகள், எஃப் அதற்குத் தரும் உதவி, ஐ பள்ளியின் பெயர். பியில் ஒரு தேவை இருந்தால் எஃபில் அதற்கு ஓர் உதவி இருக்க வேண்டும். நான் இரண்டு தாள்களையும் சமையலறை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து, ஒவ்வொரு தேவைக்கும் ஓர் எண் போட்டு, மற்றத் தாளில் அதே எண்ணைத் தேடினேன். சத்தம் தாங்க முடியாமல் காதைப் பொத்துகிறான் என்று பியில் அழகாக எழுதியிருந்தது. எஃபில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

எஃபின் மொழியையும் பாருங்கள். 'ஸ்பீச் தெரபிக்கான வாய்ப்புகள் பொருத்தமானபோது வழங்கப்படும்' என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கல்யாண வீட்டுச் சமையற்காரருக்கு அரிசி தேவையான அளவு என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா? 'வாரம் ஒருமுறை 45 நிமிடம், தகுதிபெற்ற ஸ்பீச் தெரபிஸ்ட் நேரடியாக, தனியாக, தவணை முழுவதும்' என்று இருக்க வேண்டும். யார், எவ்வளவு நேரம், எத்தனை தடவை. உதவி என்னவென்பதில் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் எழுத வேண்டும் என்று 1990களில் சமர்செட் கவுன்சில் சம்பந்தப்பட்ட வழக்கிலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், எஃபில் எழுதியதைத் தரும் கடமை 42ஆம் பிரிவின்படி கவுன்சிலுடையது. தெரபிஸ்ட் பிரசவ விடுப்பில் போய்விட்டார் என்றாலும் வேறொருவரைப் பிடிப்பது அவர்கள் பாடு. எழுதாததைக் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார்கள். ஸ்பீச் தெரபியை ஜீயில், அதாவது சுகாதாரப் பகுதியில், தூக்கிப் போட்டிருந்தால் 21(5)ஐக் காட்டி எஃபுக்கு மாற்றக் கேளுங்கள். பிள்ளைக்குக் கற்பிக்கும், பயிற்றும் சுகாதார உதவி கல்வி உதவியாகவே கருதப்படும் என்கிறது அது.

முதல் கோரிக்கையிலிருந்து இறுதி பிளான் வரை 20 வாரம். நாட்காட்டியில் எழுதி வையுங்கள். 21ஆம் வாரம் முறைப்பாடு போகட்டும்.

மறுப்பு வந்தாலும், பிளான் சரியில்லாவிட்டாலும் சிறப்புக் கல்வித் தேவைகளுக்கான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முடிவுக் கடிதத் தேதியிலிருந்து இரண்டு மாதம், அல்லது சமரசச் சான்றிதழ் தேதியிலிருந்து ஒரு மாதம், இதில் எது பிந்தியதோ அது. சமரசப் பேச்சுக்குக் கட்டாயம் போக வேண்டியதில்லை. ஆலோசகரோடு பேசிச் சான்றிதழ் வாங்கினால் போதும். பள்ளியின் பெயர் மட்டும்தான் பிரச்சினை என்றால் அதுவும் வேண்டாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் விண்ணப்பத்திலேயே கேட்கலாம். தீர்ப்புவரை போகும் முறையீடுகளில் 100க்கு 95க்கு மேல் முழுதாகவோ ஓரளவோ பெற்றோர் பக்கமே முடிகின்றன என்கிறது அண்மைய ஆண்டுகளின் அரசாங்கக் கணக்கு. இதைக் கேட்டு வெற்றி கையில் என்று நினைக்க வேண்டாம்; விசாரணைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும், அந்த மாதங்களில் வளர்வது எங்கள் பிள்ளை.

தனியாக இழுபட வேண்டியதில்லை. இப்சியா என்ற தொண்டு நிறுவனம் மாதிரிக் கடிதங்களும் இலவசச் சட்ட ஆலோசனையும் தருகிறது. சட்டப் பயிற்சி வகுப்புகளும் நடத்துகிறது. ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் செண்டியாஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது. இது எல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸுக்கு 2018இல் தனிச் சட்டம், ஸ்கொட்லாந்துக்கு 2004இல் இருந்து வேறு. கார்டிஃபிலிருக்கும் தங்கைக்கு என் பிரிவு எண்களை அனுப்பிப் பயனில்லை. சட்டத்தை மாற்றும் பேச்சும் அடிபடுகிறது. ஆகவே கடிதம் எழுதும் அன்று இணையதளத்தில் அந்தப் பிரிவை மறுபடி திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பிளான் இல்லாத பிள்ளைக்கும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் உண்டு. சுற்றுலாவுக்குக் கூட்டிப்போகவில்லை, குறைபாட்டால் வந்த நடத்தைக்காக வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றால் ஆறு மாதத்துக்குள் அதே தீர்ப்பாயத்தில் வழக்கு வைக்கலாம். காசு கட்டிப் படிக்கும் தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும்.

ஆரம்பப் பள்ளியிலிருந்து மேனிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளையென்றால் அந்த ஆண்டு பெப்ரவரி 15க்குள் புதிய பள்ளியின் பெயரோடு பிளான் திருத்தப்பட்டிருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு ஆண்டு மீளாய்விலேயே இந்தப் பேச்சை எடுத்து, அந்தக் கோடைக்கு முன்னமே பள்ளிகளைப் போய்ப் பாருங்கள். ஆறாம் வகுப்பில் நவம்பர் மாதம் பார்க்கக் கிளம்பினால் நல்ல பள்ளிகளில் இடம் முடிந்திருக்கும்.