ஆம்ப்ளிபயரை மாற்ற வேண்டாம்

அன்புள்ள அவிநாசி வாசகருக்கு,

உங்கள் பனியன் கம்பெனியில் பழைய கம்ப்யூட்டரிலிருந்து பாட்டுப் போட்டால் தையல் செக்‌ஷன் முழுக்கக் கேட்கிறது. அதே ஆம்ப்ளிபயரில் புது லேப்டாப்பைச் செருகினால் ஓவர்லாக் சத்தத்தில் பாட்டே காணாமல் போகிறது, ஆம்ப்ளிபயரை மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

ஆம்ப்ளிபயர் தனக்குள் வரும் மின்னழுத்தத்தைப் பெருக்கித் தரும், அவ்வளவுதான். 20 மடங்கு பெருக்குவதாக வைத்துக்கொள்வோம். சவுண்ட் கார்டு 1 வோல்ட் கொடுத்தால் ஸ்பீக்கருக்கு 20 வோல்ட் போகும். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 50 வாட்ஸ். அரை வோல்ட் மட்டும் வந்தால் 10 வோல்ட், வெறும் பன்னிரண்டரை வாட்ஸ். வோல்ட் பாதியானால் வாட்ஸ் கால்வாசி ஆகிவிடும். டெசிபலில் சொன்னால் 6 குறைவு.

சவுண்ட் கார்டுகள் எல்லாம் ஒரே வோல்ட் தருவதில்லை. டெஸ்க்டாப்பின் பச்சை ஜாக்கில் 1 வோல்ட்டும் அதற்கு மேலும் வருவது சாதாரணம். சில லேப்டாப்பிலும் குட்டி யூ.எஸ்.பி. கார்டிலும் அதில் பாதிதான் வரும். ஆப்பிள் விற்கும் சின்ன ஹெட்போன் அடாப்டரையே பாருங்கள்: அமெரிக்காவில் விற்பது சுமார் 1 வோல்ட் தருகிறது, ஐரோப்பாவில் விற்பது அதில் பாதி. அங்கே காதைக் காக்க வரம்பு வைத்திருக்கிறார்கள்.

உங்கள் எலக்ட்ரீஷியனிடம் 2 வோல்ட் ஏசி அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். இரண்டு கம்ப்யூட்டரிலும் வால்யூமை முழுக்க வைத்து, 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஆக்ஸ் வயரின் நுனியிலும் அடிப்பகுதியிலும் மீட்டர் முனைகளை வையுங்கள். வித்தியாசம் எண்ணாகவே தெரியும்.

லேப்டாப்பில் வால்யூமை ஏறக்குறைய முழுக்க ஏற்றிவிட்டு, மீதியை ஆம்ப்ளிபயரில் திருகுங்கள். லேப்டாப்பைக் குறைத்து வைத்து ஆம்ப்ளிபயரை ஏற்றினால் பாட்டோடு 'உஸ்' இரைச்சலும் ஏறும். போதவில்லை என்று மைக் ஓட்டையில் மட்டும் செருகிவிடாதீர்கள். அது சில மில்லிவோல்ட்டுக்கு உள்ள இடம், பாட்டு கரகரவென்று உடையும். இரண்டு கம்ப்யூட்டரும் தினமும் மாறி மாறி ஓடுமென்றால், தேர்த் திருவிழாவுக்கு மைக்செட் போடுகிறவர்கள் வைத்திருப்பதுபோல ஒரு சின்ன மிக்ஸர் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சேனல் கொடுத்து கெயினைச் சமப்படுத்துங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். லேப்டாப்புக்காக ஏற்றிய குமிழைக் குறைக்காமல் யாராவது பழைய கம்ப்யூட்டரைச் செருகினால் பாட்டு ஒரே அடியில் 6 டெசிபல் ஏறும். 85 டெசிபலில் 8 மணி நேரம் வேலை பார்க்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்பது அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 91 டெசிபலில் 2 மணி நேரம்தான். ஷிப்ட் முழுக்க ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்து தைப்பவர்களின் காது அது. வயரை மாற்றும் முன் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு மெல்ல ஏற்றச் சொல்லுங்கள்.

அன்புடன்.