சைலன்சரில் தண்ணீர் சொட்டினால் வண்டி கெட்டுப்போச்சா?



மார்கழி மாதத்தில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு உறுப்பினர் குழுக்கடன் வாங்கி, பழைய பெட்ரோல் வேன் எடுத்திருந்தார். அவர் கணவர் அதில் தக்காளி ஏற்றிக் கிணத்துக்கடவு சந்தைக்குப் போவார். அன்று அந்தச் சகோதரி முகம் வாடி உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க மேடம், காலையில வண்டியை எடுத்தா சைலன்சர்ல தண்ணி சொட்டுதுங்க. என்ஜின் போச்சு, பிரிச்சு வேலை பாக்கோணும்னு சொல்றாங்க. இந்த மாசத் தவணைப் பணத்தை அதுக்குக் குடுத்துரட்டுங்களா?"

எங்களுக்கும் உடனே பதில் தெரியவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதை எல்லோருக்கும் சொல்கிறோம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பெட்ரோலில் கார்பனும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. எரியும்போது ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீர் ஆகிறது. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீர் உண்டாகும்! சூட்டில் அது ஆவியாகப் போய்விடுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பனிக்காலக் காலையில் சைலன்சர் குழாய் சில்லென்று இருக்கும். ஆவி அதில் பட்டதும் குளிர்ந்து சொட்டும். குழாய் சூடானதும் நின்றுவிடும். ஊட்டி மாதிரிக் குளிர் ஊர்களில் இன்னும் அதிகம் சொட்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம். குளிர்ந்த தண்ணீர் நிறைந்த பாத்திரத்தைக் கேஸ் அடுப்பில் வையுங்கள். அடிப்பக்கம் வெளியே ஈரம் பூக்கும். பாத்திரம் ஓட்டையோ என்று நினைப்போம். கேஸ் எரிந்து உண்டான தண்ணீர்தான் அது. பாத்திரம் சூடேறியதும் காய்ந்துவிடும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

* வண்டி நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால்
* ரேடியேட்டர் தண்ணீர் அடிக்கடி குறைந்தால் (என்ஜின் ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும்)
* என்ஜின் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால்

இதில் ஒன்று இருந்தாலும் நம்பிக்கையான மெக்கானிக்கிடம் உடனே காட்டுங்கள்.

இதையும் மறக்க வேண்டாம்

தினமும் கொஞ்ச தூரமே ஓட்டினால் உள்ளே தண்ணீர் தங்கி சைலன்சர் துருப்பிடிக்கும். அவ்வப்போது நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுவது நல்லது. சில சைலன்சர்களில் தண்ணீர் வடிய அடியில் சிறு துளை இருக்கும். ஓட்டை என்று அடைத்துவிடாதீர்கள்.

குளிருக்காகக் கதவைச் சாத்திய ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உயிரையே எடுத்துவிடும்.

அந்தச் சகோதரி என்ன செய்தார்?

மறுநாள் காலை வண்டியை வாசலில் நிறுத்தி எல்லாவற்றையும் கவனித்தார். ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை. ஆயிலும் சுத்தமாக இருந்தது. சந்தைக்குப் போய்ச் சேருமுன் சொட்டுவது நின்றுபோனது. தவணை அந்த மாதமும் தவறவில்லை.

யாரோ பயமுறுத்தியதும் கடன் பணத்தை எடுத்து நீட்ட வேண்டியதில்லை. முதலில் "ஏன்?" என்று கேட்போம், நாமே பார்ப்போம், பிறகு செலவு செய்வோம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள், வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்களின் அனுபவத்தையும் கேளுங்கள்.